மூலையைப் பார்க்கும் பூனை

நாகர்கோவில் கோட்டாற்றில் பூனைக்குக் குறைவிருந்ததில்லை. அரிசி, பருப்பு, வற்றல் மிளகாய், கருப்பட்டி என்று மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகள் நெருங்கிக் கிடக்கும் ஊர் இது. தானியம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பூனையை யாரும் விரட்டுவதில்லை. பகலில் மூட்டை மேல் சுருண்டு தூங்கும் அதே பிராணியை அந்தி சாய்ந்த பிறகு மக்கள் வேறு கண்ணால் பார்க்கிறார்கள். "வெளக்கு வெச்ச நேரத்துல அது மூலையப் பாத்துக்கிட்டே இருந்தா நல்லதுக்கில்ல மக்களே" என்று ஒரு கிழவியாவது சொல்லக் கேட்காமல் நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவர்கள் குறைவு. இன்று கிழவியின் இடத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது. வெறும் சுவரை உற்றுப் பார்க்கும் பூனை, ஆளில்லாத கதவைப் பார்த்துச் சீறும் பூனை, நள்ளிரவில் வீட்டைச் சுற்றி வெறிபிடித்து ஓடும் பூனை என்று காணொளிகளுக்கு முடிவே இல்லை.

நமக்குப் புலப்படாதது பிராணிகளுக்குப் புலப்படுகிறதா என்று கேட்டால், ஆம், நிறையவே புலப்படுகிறது என்பதுதான் பதில். அப்படிப் புலப்படுவது பேயா, ஆவியா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிவிடுவதில்தான் குழப்பம் எல்லாம் தொடங்குகிறது.

நம் மரபில் பூனைக்கு இருந்த வேலையே வேறு. அது சகுனம். குறுக்கே போனால் காரியம் கெடும், புறப்பட்டவர் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சகுனங்களைத் தொகுத்து 1912-இல் வெளியிட்ட நூலிலும் பூனைக்கு இடம் உண்டு. சகுனப் பூனைக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பல்லி சொல்வதுபோல, காக்கை கரைவதுபோல, அது தன்பாட்டுக்குப் போகிறது, பலன் பார்ப்பது நாம். பிராணியைச் செய்தியாகப் படிக்கும் இந்த வழக்கம் மிகப் பழையது. புள் நிமித்தம் பற்றித் தொல்காப்பியமே பேசுகிறது. பூனை எதையோ நேரில் காண்கிறது, அது ஒரு சாட்சி என்பது இதிலிருந்து வேறுபட்ட நம்பிக்கை. நம் பக்கத்தில் அந்தச் சாட்சி வேலை பெரும்பாலும் நாய்க்குத்தான் தரப்பட்டிருந்தது. நடுச்சாமத்தில் நாய் ஊளையிட்டால் எமன் தெருவில் நடக்கிறான் என்பார்கள்.

பூனையைப் பற்றி நம்மவர்கள் கெட்டதாக மட்டுமே நினைத்ததும் இல்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் பின்னங்காலில் நின்று தவமிருக்கும் பூனையைச் சுற்றி எலிகள் கூடி நிற்கின்றன. தென்கலை வைணவர்களோ இறைவனின் அருளுக்கே பூனையைத்தான் சான்று காட்டினார்கள். குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய்ப்பூனை வாயால் கவ்வி எடுத்துப் போகும் என்பது அவர்கள் வாதம். வீதியில் குறுக்கே போனால் அபசகுனம், தத்துவத்தில் வந்தால் பெருங்கருணை. பூனை இரண்டையும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

நாஞ்சில் நாட்டில் பேய் என்பது எங்கோ இருக்கும் கற்பனை அல்ல. அதற்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, கோயில் உண்டு. நாகர்கோவிலுக்கு மேற்கே உள்ள கள்ளியங்காட்டின் பெயரோடு நீலி என்னும் பேய்ப்பெண் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கிழக்கே முப்பந்தலில் இசக்கியம்மனுக்கு முன் லாரிகள் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகின்றன. சுடலைமாடனும் வாதைகளும் இல்லாத ஊர் அரிது. வில்லுப்பாட்டை ஆராய்ந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் எழுதிய நூலும், அ.கா. பெருமாள் பல ஆண்டுகள் அலைந்து சேகரித்த கதைப்பாடல்களும் காட்டுவது ஒன்றுதான்: அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் இங்கே தெய்வமாகிறார்கள். கேட்பாரற்றுப் போன சாவுக்குப் பிறகாவது நியாயம் கேட்கும் ஏற்பாடு அது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கோயில்களின் கொடைவிழாவிலேயே, ஒரு பிராணி தெய்வத்தை உணர்கிறது என்பதற்கு முறையான சோதனை ஒன்று நடக்கிறது. பூனையை விட்டுவிட்டு முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

பலியாட்டின் தலையிலும் பிடரியிலும் மஞ்சள் நீர் தெளிப்பார்கள். மேளம் அடங்கும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, பலியை ஏற்றுக்கொண்டது என்று பொருள், உடனே குலவை எழும். சிலிர்க்காவிட்டால் காத்திருப்பார்கள். மீண்டும் நீர் தெளிப்பார்கள். சாமியாடும் கோமரத்தாடியிடம் என்ன குறை என்று கேட்பார்கள். தென் தமிழகம் முழுக்கப் பரவலாக உள்ள வழக்கம் இது. 1950-ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டத்தை 2003-இல் தமிழக அரசு திடீரென்று கறாராக அமல்படுத்தியபோது எழுந்த எதிர்ப்பும், 2004 பிப்ரவரியில் அந்தச் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

ஆடு ஏன் சிலிர்க்கிறது? ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹூ குழுவினர் 2012-இல் சுண்டெலி முதல் கரடி வரை 33 பிராணிகள் நனைந்தால் எப்படி உதறுகின்றன என்று அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். உடல் சிறிதாக இருந்தால் வேகமாக உதற வேண்டும். சுண்டெலி நொடிக்கு 30 முறைக்கு அருகில், கரடி 4 முறை. ரோமத்தில் தேங்கும் நீர் உடல் சூட்டைக் குடித்துவிடும் என்பதால் அதை உடனே கழற்றுவது உயிர்ப் பிரச்சினை. அந்த உதறலைத் தூண்டும் நரம்பு எது என்பது 2024-இல்தான் தெரிந்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளின் பிடரியில் எண்ணெய்த் துளி விட்டு, மயிர்க்கால்களைச் சுற்றியிருக்கும் ஒருவகை மெல்லிய தொடு நரம்பு அதைத் தொடங்கிவைக்கிறது என்று காட்டினார்கள். பிடரி என்பதைக் கவனிக்க வேண்டும். வாயால் நக்கியோ காலால் சொறிந்தோ எளிதில் எட்ட முடியாத இடம் அது. நம் கோயில்களில் நீர் தெளிக்கும் இடமும் ஏறக்குறைய அதுதான்.

தலைமுறை தலைமுறையாக ஆட்டோடு பழகியவர்கள் எங்கே தெளித்தால் ஆடு சிலிர்க்கும் என்று கைப்பழக்கத்தில் கண்டுவைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் இது ஏமாற்றா? எனக்கு அப்படிப் படவில்லை. கொல்லப்போகும் உயிரின் சம்மதத்துக்காக ஒரு கூட்டமே கைகட்டிக் காத்து நிற்பதில் ஒரு கூச்சமும் கண்ணியமும் இருக்கின்றன. ஆனால் அது ஆட்டின் சம்மதமும் அல்ல, சாமி கொடுத்த தகவலும் அல்ல.

இனிப் பூனைக்கு வரலாம். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். வயது ஏறினால் அதற்கும் கீழே. ஹெஃப்னர் இணையர் 1985-இல் அளந்தபடி பூனையின் காது 48 முதல் 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எலிகள் ஒன்றோடொன்று பேசுவது பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாத உயரத்தில்தான். பயந்த எலி எழுப்பும் குரல் 22,000 ஹெர்ட்ஸ் அளவில், சுண்டெலி ஆண் பெண்ணை அழைக்கும் பாட்டு அதற்கும் மிக மேலே. கோட்டாற்றின் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஓட்டுக்கூரை, அதற்குக் கீழே மரப்பலகை மச்சு, இரண்டுக்கும் நடுவே இருட்டு. அந்த இருட்டில் எலி, பல்லி, வௌவால், சில வீடுகளில் மரநாய் குடும்பமே இருக்கும். மரநாய் இரவில் பலகைமேல் நடக்கும் சத்தத்தை ஆள் நடமாட்டம் என்று நினைத்துப் பயந்தவர்கள் எத்தனையோ பேர். நாம் 'ஒன்றும் இல்லாத மூலை' என்று சொல்லும் இடம் பூனைக்குச் சந்தைக்கடை போல இரைச்சலாக இருக்கக்கூடும்.

கண்ணும் அப்படியே. விழித்திரைக்குப் பின்னால் உள்ள பளபளப்புப் படலம் உள்ளே வந்த ஒளியைத் திருப்பி அனுப்பி இரண்டாவது முறை பயன்படுத்துகிறது. இரவில் பூனையின் கண் தீக்கங்குபோல் ஒளிர்வது அதனால்தான். நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கே அதற்குப் போதும். இன்னொன்று, மனித விழியின் ஆடி புறஊதாக் கதிரைத் தடுத்துவிடுகிறது. பூனையின் ஆடி அதில் பாதிக்கு மேல் உள்ளே விடுகிறது என்று 2014-இல் டக்ளஸ், ஜெஃப்ரி என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். அதைக் கொண்டு பூனை உண்மையில் எவ்வளவு பார்க்கிறது என்பது வேறு விஷயம். நம் கண்ணுக்கு வரும் உலகமும் அதன் கண்ணுக்கு வரும் உலகமும் ஒன்றல்ல என்பது மட்டும் உறுதி. சில சமயம் பூனை எதையோ மோந்துவிட்டு, மேலுதட்டைச் சுருக்கி, வாயை அரைகுறையாகத் திறந்து, திகைத்ததுபோல் நிற்கும். பேயைக் கண்டு உறைந்துபோன முகம் என்றே சொல்லத் தோன்றும். மேலண்ணத்தில் இருக்கும் இன்னொரு மோப்ப உறுப்புக்கு வாசனையைக் கடத்தும் முகபாவம் அது. பெரும்பாலும் இன்னொரு பூனையின் மூத்திரத்தைப் பற்றிய விசாரணை.

ஆனால் பூனைக்குச் 'சாமி வருவதை' நேரில் பார்க்க வேண்டும் என்றால் கோட்டாற்றில் அதற்குத் தூரம் போக வேண்டாம். மழை பெய்த பிறகு எந்தக் காலிமனையிலும் முளைக்கும் குப்பைமேனி போதும். ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பூனை மோந்து பார்க்கும், வேரில் கன்னத்தைத் தேய்க்கும், பிறகு தரையில் விழுந்து புரளும், வாயில் எச்சில் ஒழுகும், கூப்பிட்டால் திரும்பாது. சிறிது நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து போய்விடும். செடி மண்ணில் நிற்கும்போது பூனை அதைச் சட்டை செய்வதில்லை, வேர் வெளியே வந்தால்தான் இவ்வளவும். இதை நம்மவர்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள். பூனைவணங்கி என்று அந்தச் செடிக்கு இன்னொரு பெயரே உண்டு.

மேலைநாட்டுப் பூனைகள் மயங்கும் செடிகளில் உள்ளவற்றோடு உறவுள்ள வேதிப்பொருள்களைக் குப்பைமேனி வேரிலிருந்து 2016-இல் பிரித்தெடுத்தார்கள். இந்த மயக்கத்தால் பூனைக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு 2021-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு பதில் தந்தார்கள். அவர்கள் நாட்டில் பூனைகள் புரளும் ஒரு கொடியை எடுத்துக்கொண்டு பார்த்ததில், அதன் பொருள் பூனையின் மூளையில் அபினிக்குரிய அதே பாதையைத் தட்டி எழுப்புகிறது, அதே சமயம் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு கொசுவை விரட்டுகிறது. சாமியாட்டம்போலத் தெரிந்தது கொசு மருந்து பூசிக்கொள்வதாக இருக்கலாம். நம் குப்பைமேனியும் கொசுவை விரட்டுகிறதா என்று யாராவது நம் கல்லூரிகளில் சோதித்தால் நன்றாக இருக்கும். கொசுவுக்கும் பூனைக்கும் செடிக்கும் நமக்குப் பஞ்சமில்லை.

அமானுஷ்யத்தை அறிவியல் தொட்டே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 1970-களில் அமெரிக்காவின் டர்ஹாம் நகரில், தன் உடலைவிட்டு வெளியே சென்று வர முடியும் என்று சொன்ன கீத் ஹராரி என்பவரை ராபர்ட் மாரிஸ் என்ற உளவியலாளர் சோதித்தார். ஹராரியின் பூனைக்குட்டியை வேறொரு கட்டடத்தில், தரையில் கட்டம் போட்ட பெட்டியில் விட்டார்கள். சாதாரண வேளைகளில் அது 37 முறை கத்தியது. ஹராரி 'வெளியே வந்து' அதனோடு இருப்பதாகச் சொன்ன வேளைகளில் ஒருமுறைகூடக் கத்தவில்லை. கேட்டால் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் ஒரே ஒரு பூனைக்குட்டி. தொடர்ந்து செய்த சோதனைகளில் இந்தத் தெளிவு திரும்ப வரவே இல்லை. ஒருமுறை வந்து மறுமுறை வராத முடிவுகளால் நிரம்பியது அமானுஷ்ய ஆய்வுத் துறை.

இதே போன்ற சோதனைகளைச் செய்த ரூபர்ட் ஷெல்ட்ரேக்கின் கதைக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. கேம்பிரிட்ஜில் படித்த இந்தத் தாவரவியலாளர் 1974 முதல் ஹைதராபாத்துக்கு அருகே உள்ள பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிலையத்தில் துவரை, கொண்டைக்கடலை பற்றி ஆராய்ந்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு, குளித்தலைக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனத்துக்கு வந்தார். பீட் கிரிஃபித்ஸ் நடத்திய ஆசிரமம் அது. இயற்கைக்கே ஒரு நினைவாற்றல் உண்டு என்று வாதிட்டு அறிவியல் உலகில் பெரும் சண்டையைக் கிளப்பிய தன் முதல் நூலை அங்கே தங்கித்தான் எழுதினார். அந்த வழியிலேயே, எசமானர் வீடு திரும்புவது நாய்க்கு முன்கூட்டியே தெரியும் என்ற நூல் 1999-இல் வந்தது. இங்கிலாந்தில் ஜேய்டீ என்ற நாயைப் பல மாதம் படம்பிடித்து, எசமானி வீட்டுக்குக் கிளம்பிய வேளையில் அது சன்னலருகே கழிக்கும் நேரம் மிகுகிறது என்று காட்டினார். உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் அதே நாயை நான்கு முறை சோதித்து, சரியான கணத்தை அது ஒருமுறைகூடக் காட்டவில்லை என்று 1998-இல் எழுதினார்கள். அவர்கள் எண்களிலேயே தன் முடிவுதான் இருக்கிறது என்று ஷெல்ட்ரேக் மறுத்தார். எனக்கு வைஸ்மன் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. நாய் சன்னலுக்குப் போக ஆயிரம் காரணம் உண்டு, நேரம் ஆக ஆக எதிர்பார்ப்பும் கூடும். ஆனாலும் ஷெல்ட்ரேக்கிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அவர் பேயைக் கூப்பிடவில்லை, கேமராவை வைத்து எண்ணினார். எண்ணியதனால்தான் அவரோடு வாதிட முடிந்தது.

நம் மாவட்டத்திலேயே இந்தக் கேள்வி ஒரு நாள் மிகக் கொடூரமாக எழுந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது குமரிக் கடற்கரையின் பெரும்பகுதி கோட்டாறு மறைமாவட்டத்தின் கீழ் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்த ஞாயிறு என்பதால் கடற்கரை ஊர்களில் பலர் பூசைக்குப் போயிருந்தார்கள். சுமத்ராவை ஒட்டிக் கடலடியில் நிலம் பிளந்தது நம் நேரப்படி காலை 6:29-க்கு. கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று சுனாமி அலை ஏறியது அதற்கு மூன்று மணி நேரத்துக்கும் பிறகு. கோட்டாற்றை ஒட்டி ஓடும் பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியில் பாலமே பெயர்ந்து போனது. மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 800 பேர். அந்த மூன்று மணி நேரத்தில் அதிகாரபூர்வ எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அதனால்தானோ என்னவோ, விலங்குகளுக்குத் தெரிந்திருந்தது என்ற செய்தியை உலகமே பற்றிக்கொண்டது. இலங்கையின் யால காட்டில் யானைகள் முன்கூட்டியே மேட்டுக்கு ஓடிவிட்டன, ஒரு முயல்கூடச் சாகவில்லை என்றெல்லாம் எழுதினார்கள்.

யாலவில் அன்று செயற்கைக்கோளோடு தொடர்புள்ள கழுத்துப்பட்டை கட்டிய இரண்டு யானைகள் இருந்தன. விக்ரமநாயக்க, ஃபெர்னாண்டோ, லைம்குரூபர் மூவரும் அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2006-இல் எழுதினார்கள்: அலைக்கு முன்பே அவை தப்பி ஓடியதற்கு எந்த அடையாளமும் இல்லை. இரண்டே யானைகள்தான், உண்மை. ஆனால் ஊர்ப்பேச்சில் ஓடிய நூறு யானைகளைவிட, கழுத்தில் பட்டை கட்டிய இரண்டு யானைகளை நான் நம்புவேன். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான ஆடுமாடுகள் அன்று செத்தன. அவற்றைப் பற்றி ஒரு வியப்புச் செய்தியும் வரவில்லை.

விலங்குகளால் உணர முடியாது என்று கதவைச் சாத்திவிடவும் கூடாது. அந்த நிலநடுக்கமும் சுனாமியும் எழுப்பிய, மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியை நடுக்கடலில் டீகோ கார்சியா தீவில் இருந்த கருவிகள் பதிவு செய்தன. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க வைத்த கருவிகள் அவை. ஒலி இருந்தது என்பது வரை சரி. அதைக் கேட்ட விலங்கு 'ஓடு' என்று புரிந்துகொண்டதா என்பதற்குச் சான்று வேண்டும். நிலநடுக்கத்துக்கு முன் விலங்குகள் விசித்திரமாக நடந்ததாக வந்த 700-க்கும் மேற்பட்ட குறிப்புகளை 2018-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அலசினார்கள். பெரும்பாலானவை நடந்து முடிந்த பிறகு நினைவிலிருந்து சொன்னவை. விலங்குகள் அசாதாரணமாக நடந்த மற்ற நாட்களில் நிலம் அதிர்ந்ததா என்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. பூனை மூலையைப் பார்த்த எல்லா இரவுகளையும் எண்ணாமல், சாவு விழுந்த வீட்டில் அது பார்த்த ஒரு இரவை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்வதும் இதே கணக்குத்தான்.

சாவும் பூனையும் என்றால் ஆஸ்கரைத் தவிர்க்க முடியாது. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், மறதி நோய் முற்றிய முதியவர்களைப் பேணும் இல்லம் ஒன்றில் 2005-இல் குட்டியாக வந்த பூனை அது. யாரோடும் ஒட்டாது. ஆனால் சாகும் தறுவாயில் இருப்பவரின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ளும். 25 பேர் விஷயத்தில் இப்படி நடந்தது என்று டேவிட் டோசா என்ற மருத்துவர் 2007-இல், உலகின் மிக மதிப்பான மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். ஆஸ்கர் ஏறிப் படுத்தால் செவிலியர்கள் உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். உடல் அடங்கும்போது சிதையும் திசுக்களிலிருந்து வரும் வேதி வாசனையை அது மோந்திருக்கலாம் என்பது டோசாவின் ஊகம். சாகப்போகிறவருக்குப் போர்த்தும் வெதுவெதுப்பான போர்வையும், அங்கே நிலவும் அமைதியும் பூனையை இழுத்திருக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். முறையான சோதனை நடக்காமலேயே 2022-இல் ஆஸ்கர் இறந்துவிட்டது. நாய்களைப் பழக்கி நோய்களை மோப்பம் பிடிக்க வைக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடப்பதால், வாசனை விளக்கத்தில் எனக்கு வியப்பில்லை. ஒருவேளை அந்த வாசனை என்னவென்று கண்டுபிடித்திருந்தால், எத்தனையோ பிள்ளைகள் தகப்பனின் கடைசி மூச்சுக்கு வந்து சேர்ந்திருக்க முடியும். 'மரண தூதன்' என்று பத்திரிகைகள் பட்டம் கட்டியதும் அந்தக் கேள்வி அங்கேயே படுத்துவிட்டது.

இதுதான் எனக்கு உறுத்தல். பூனை காட்டுவது பெரும்பாலும் உண்மையான செய்தி. நாம் அதற்குப் பேய் என்று பெயர் வைத்துவிட்டால் செய்தி தொலைந்துபோகிறது. இதற்கு மினமாட்டாவைவிடப் பெரிய சாட்சி இல்லை.

ஜப்பானின் தெற்கே கியூஷூ தீவில் உள்ள மீனவ ஊர் மினமாட்டா. 1950-களின் தொடக்கத்தில் அங்கே பூனைகளுக்கு என்னவோ ஆனது. தள்ளாடின, சுழன்று சுழன்று ஆடின, சுவரில் மோதின, கடலில் விழுந்து செத்தன. ஊர் அதற்குப் பூனை ஆட்ட நோய் என்று பெயர் வைத்தது. 1954-இல் ஒரு குப்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பூனைகள் செத்து, எலி பெருகிவிட்டது என்று மீனவர்கள் புகார் சொன்னது உள்ளூர்ப் பத்திரிகையில் சிறு செய்தியாக வந்தது. அது எலித்தொல்லைச் செய்தியாகத்தான் படிக்கப்பட்டது. 1956 மே 1 அன்று, குழந்தைகளுக்குக் கைகால் முறுக்கிக்கொள்ளும் புரியாத நோய் வந்திருப்பதாக மருத்துவமனை அறிவித்தது. நோயாளிகளின் குடும்பங்களைத் தெரு ஒதுக்கியது. அவர்கள் கொடுத்த காசைக் கையால் வாங்க மறுத்த கடைக்காரர்களும் இருந்தார்கள்.

காரணம் சிஸ்ஸோ வேதித் தொழிற்சாலை வளைகுடாவில் விட்ட கழிவில் இருந்த பாதரசம். அது மீனில் சேர்ந்தது, மீன் பூனைக்கும் மனிதருக்கும் போனது. பூனை உடல் சிறியது, தின்பது முழுக்க மீன், அதனால் முதலில் ஆடியது அது. தொழிற்சாலையின் சொந்த மருத்துவர் ஹோசோகாவா 1959-இல் 400 என்று எண்ணிட்ட பூனைக்கு ஆலைக் கழிவைக் கலந்த தீனி கொடுத்தார். அதே ஆட்டம் வந்தது. முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று நிர்வாகம் தடுத்தது. அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். பூனைகள் சொல்லி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்து. மீன் தின்று வாழும் எந்தக் கடற்கரைக்கும் இந்தக் கதை அந்நியமல்ல.

அவ்வளவு பெரிய நாசம் வேண்டாம், வீட்டுப் பூனைக்கே வருவோம். பன்னிரண்டு, பதினைந்து வயதைக் கடந்த பூனை நள்ளிரவில் ஓலமிட்டு அழுவது, வழக்கமான அறையிலேயே வழி தெரியாமல் நிற்பது, சுவரை வெறிப்பது முதுமை மறதியின் அடையாளங்கள். 11 முதல் 14 வயது வரையுள்ள பூனைகளில் நான்கில் ஒன்றுக்கும் மேலாகவும், 15-ஐத் தாண்டியவற்றில் ஏறக்குறைய பாதிக்கும் இத்தகைய மாற்றம் ஏதாவது வருகிறது என்பது கால்நடை மருத்துவர்களின் மதிப்பீடு. தைராய்டு அதிகம் சுரந்தாலும் பூனை இரவில் கத்தும். இரத்த அழுத்தம் ஏறினால் விழித்திரை பெயர்ந்து திடீரென்று பார்வை போய்விடும். அப்படிப்பட்ட பூனை விரிந்த கண்ணோடு எதையோ வெறித்துப் பார்ப்பதாகத் தோன்றும், உண்மையில் அதற்கு ஒன்றும் தெரியாது. முதுகுத்தோல் அலை அலையாய்த் துடித்து, தன் வாலையே துரத்திக் கடிப்பது இன்னொரு நரம்புக் கோளாறு. இவற்றில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. மந்திரித்த தாயத்து கட்டிய பூனையை மருத்துவரிடம் கொண்டுபோவதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

கோட்டாற்றில் இன்று அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் பூதவித்தையும் ஒன்று. காரணம் பிடிபடாத பிதற்றலையும் வெறியையும் நடுக்கத்தையும் முன்னோர்கள் அந்த அறைக்குள் வைத்தார்கள். அன்று அதற்கு வேறு அறை இல்லை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறையிலிருந்து இன்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதில் கடைசியாகச் சொல்ல வேண்டிய ஒன்று ரேபிஸ், நம் மக்கள் சொல்லும் வெறிநோய். நாயால்தான் வரும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள், பூனையாலும் வரும். சாதுவான பூனை திடீரென்று காரணமில்லாமல் பாய்ந்து கடிக்கும், குரல் மாறும், இருட்டில் பதுங்கும், வாயில் நுரை தள்ளும், கால் இழுக்கும். பேய் பிடித்த பூனை என்று ஊரில் சொல்லும் வர்ணனைக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்ட பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவ வேண்டும், சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ வைக்கக் கூடாது, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். பார்வை பார்த்து, கயிறு மந்திரித்துக் கட்டி, பத்தியம் இருந்து வாரங்களைக் கடத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நோய் வெளியே தெரிந்த பிறகு பிழைத்தவர்களை உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.